தாடையைப் பார்த்துப் பாஸானவள்

எங்கள் பல்கலைக்கழகத்தில் சும்மா ஒரு வாரம் என்று எதுவும் கிடையாது. ரத்த தான வாரம், பசுமை வாரம், யோகா வாரம். நான் பாடம் நடத்துவது கணக்குப்பதிவியல். ஆனால் "இந்த மேடம் எதற்கும் மாட்டேன் என்று சொல்லமாட்டார்" என்று எப்படியோ பெயர் வந்துவிட்டது. அந்தப் பெயர் வந்துவிட்டால் ஓய்வு பெறும்வரை பேனர் கட்ட வேண்டியதுதான். கண் நல வாரமும் அப்படித்தான் என் தலையில் விழுந்தது.

திட்டத்தைக் குறை சொல்லமாட்டேன். கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றால் இந்த வயதில் ஒருவரும் போகமாட்டார்கள். எந்நேரமும் கையில் இருக்கிற போனே "உன் பார்வை சரியில்லை, டாக்டரைப் பார்" என்று சொன்னால் ஒருவேளை போவார்கள். அதற்கு ஒரு செயலி. ஒருவர் தரையில் போட்ட கோட்டில் நின்று ஒரு கண்ணைப் பொத்திக்கொள்ள வேண்டும். எதிரே இன்னொருவர் போனை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்பார். திரையில் ஆங்கில 'ஈ' எழுத்து மேலே, கீழே, வலம், இடம் என்று ஏதாவது ஒரு பக்கம் திரும்பியிருக்கும். அதன் கால்கள் எந்தப் பக்கம் என்று கையால் காட்டினால் போதும். சரியாகக் காட்டக் காட்ட எழுத்து சிறுத்துக்கொண்டே போகும்.

அதை எங்களுக்குக் கற்றுத்தர ஆஸ்பத்திரியிலிருந்து ஓர் இளைஞர் வந்திருந்தார். போகும்போது தனியாக ஒன்று சொன்னார். "கண்ணக் கசக்கிக்கிட்டே இருக்கிற பசங்கள மட்டும் விட்டுடாதீங்க மேடம். இந்த வயசுலதான் கருவிழி மெலிஞ்சு முன்னால பிதுங்கும். சீக்கிரம் வந்தா நிறுத்திடலாம். போன பார்வை போனதுதான்." தலையாட்டினேன். அன்றைக்கு எனக்கு விடைத்தாள் கட்டு ஒன்று காத்திருந்தது.

முதல் இரண்டு நாளும் எல்லோரும் பாஸ். ஒருவர் விடாமல் அத்தனை பேருக்கும் கழுகுப் பார்வை. துறைத்தலைவர் மகிழ்ந்துபோய்ப் புகைப்படம் கேட்டார். நானும் சந்தேகப்படவில்லை என்று சொல்லமுடியாது. ஆனால் சந்தேகப்படுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டும். எல்லோருக்கும் கண் நன்றாக இருந்தால் எனக்கு வேலை மிச்சம், நேரத்தோடு தொம்மலூரில் இருக்கும் வீட்டுக்குப் போய்ச் சேரலாம் என்றுதான் தோன்றியது.

மூன்றாம் நாள், என் வகுப்பில் இரண்டாம் வரிசையில் உட்காரும் ஒரு பெண் கோட்டில் வந்து நின்றாள். தினமும் கேஜிஎஃப்பிலிருந்து ரயிலில் வந்துபோகிறவள். எங்கள் அப்பாவும் அங்கே தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்தான் என்பதால் வகுப்புக்கு வெளியே அவளோடு தமிழில் பேசுவேன். தலையைச் சாய்த்து எழுதுவாள். இடது கண்ணை மணிக்கட்டால் தேய்த்துக்கொண்டே இருப்பாள். போனைப் பிடித்திருந்தவள் அவளுடைய தோழி, அதே ஊர், அதே ரயில். பள்ளியிலிருந்தே ஒட்டிப் பிறந்தவர்கள் மாதிரி திரிகிறவர்கள்.

அவள் வலது கண்ணைப் பொத்திக்கொண்டாள். பதில்கள் தயங்காமல் வந்தன. நான் பக்கவாட்டில் நின்றதால்தான் கவனித்தேன். அவள் போனைப் பார்க்கவில்லை, தோழியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோழி திரையை மேலிருந்து எட்டிப் பார்ப்பாள். எழுத்து எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் அவள் தாடை ஒரு இழை திரும்பும். குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது நம் வாய் தானாகத் திறக்குமே, அப்படி. சுற்றிலும் பார்த்தேன். எல்லா ஜோடியிலும் ஏதோ ஒன்று நடந்துகொண்டிருந்தது. ஒருவன் கட்டைவிரலை நகர்த்தினான். இன்னொருவன் கூச்சமே இல்லாமல் வாயசைத்தான். பரீட்சை என்று ஒன்று வந்துவிட்டால் நண்பனைப் பெயிலாக விடக்கூடாது, அது இவர்களுடைய தர்மம். அசைன்மெண்டில் காப்பி, ரெக்கார்டில் காப்பி, ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்துக் கடைசியில் கண்ணிலும் வந்து நின்றுவிட்டது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. போனைப் பிடுங்கி நானே பிடித்துக்கொண்டேன். "இப்பக் காட்டு."

பெரிய எழுத்தைக் காட்டினாள். அடுத்ததில் கை பாதியில் நின்றது. என் முகத்தையே பார்த்தாள். நான் கல் மாதிரி நின்றேன்.

"மேடம்," என்றாள் மெதுவாக, "நீங்க மூஞ்சிய ஆட்டவே மாட்றீங்களே."

வகுப்பு சிரித்தது. தோழி மட்டும் சிரிக்கவில்லை. சொன்னவளுக்கும் சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்று புரிந்தது. அடுத்து இடது கண்ணைப் பொத்தச் சொன்னேன். வலது கண்ணும் சின்ன எழுத்துகளில் தடுமாறியது. அதற்குப் பிறகு என்னால் அவளைத் திட்ட முடியவில்லை. பயமாக இருந்தது.

மாலையில் இருவரும் என் அறைக்கு வந்தார்கள். தோழிதான் பேசினாள். "எட்டாவதுல கேம்ப் வந்தாங்க மேடம். சுவத்துல சார்ட்டு மாட்டி படிக்கச் சொன்னாங்க. நான் பின்னால நின்னுகினு சொல்லிக்குடுத்தேன். அப்பலேர்ந்து அப்படித்தான்."

"எதுக்கு?"

"கண்ணு சரியில்லன்னா அம்மாவக் கூட்டினு வரச் சொல்லுவாங்க," என்றாள் இவள். "அம்மா விடியறதுக்குள்ள ரயிலேறி இங்க கார்மெண்ட்ஸுக்கு வர்றாங்க. லீவு கேட்டா சூப்பர்வைசர் வாய்க்கு வந்தபடி பேசுவான். பரவால்ல மேடம், வலது கண்ணு இருக்குதுல்ல?"

"அதுவும் இன்னிக்கு என்கிட்ட பெயிலு," என்றேன். ஆஸ்பத்திரி இளைஞர் சொன்னதையும் சொன்னேன். இடது கண்ணுக்கு வந்தது வலதுக்கும் வந்தால் யார் தாடையைப் பார்த்தும் பிழைக்கமுடியாது என்றேன். இடது கண்ணைத் தேய்த்துக்கொண்டே, "ஆய்து மேடம், போலாம்," என்றாள். கன்னடத்து 'சரி'யும் எங்கள் ஊர்த் தமிழும் ஒரே மூச்சில் வரும் எங்களுக்கு.

அடுத்து வந்தது, மாதத்தில் எனக்குக் கிடைக்கும் ஒரே ஓய்வான சனிக்கிழமை. தூங்கவேண்டும் என்று ஆசையாக வைத்திருந்தேன். தூங்கவில்லை. இருவரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் கை கண்ணுக்குப் போகும்போதெல்லாம் தோழி அதைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

பரிசோதனை அறை இருட்டாக இருந்தது. அவளை நாற்காலியில் உட்காரவைத்து வலது கண்ணை மறைத்தார்கள். எதிர்ச்சுவரில் எழுத்து விழுந்தது. நாங்கள் இருவரும் அவளுக்குப் பின்னால் பெஞ்சில் இருந்தோம். எழுத்து மாற மாற, பக்கத்தில் தோழியின் தாடை அந்தந்தப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. முன்னால் இருப்பவள் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் அவளால் நிறுத்தமுடியவில்லை. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

நாற்காலியிலிருந்தவள் ஒருமுறை பின்னால் திரும்ப முயன்றாள். "நேரே பாரும்மா," என்றார் பரிசோதிப்பவர். நேரே பார்த்தாள்.

"முடியல சார்," என்றாள்.

அவருக்கு அது தினமும் காதில் விழுகிற வார்த்தை. "சரி, இது?" என்று அடுத்த எழுத்துக்குப் போய்விட்டார்.

சொட்டு மருந்து விட்டுக்கொண்டு அவர்கள் வெளியே காத்திருக்கும்போது டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். வலது கண்ணில் இப்போதுதான் ஆரம்பம், ஒரு சின்ன சிகிச்சையில் அப்படியே நிறுத்திவிடலாம், நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார். இடதுக்குப் பிரத்தியேக லென்ஸ் போட்டுப் பார்க்கலாம், ஓரளவுதான். "ஸ்கூல் நாள்லயே யாராவது கண்டுபிடிச்சிருந்தா இதையும் நிறுத்தியிருக்கலாம்," என்றார், கோப்பை மூடிக்கொண்டே.

வெளியே வந்து அவள் அம்மாவுக்குப் போன் போட்டேன். தையல் இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே அந்த அம்மாள், "என்னிக்கு வரணும்னு சொல்லுங்க மேடம், வந்துர்றேன்," என்றார். லீவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இத்தனை வருஷம் இவர்கள் இருவரும் பயந்தது இதற்குத்தான்.

மருந்தின் கூச்சம் தாங்காமல் அவள் கண்ணை மூடி, தோழியின் தோளில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள். வலது கண் தப்பிக்கும் என்று தோழியிடம் சொன்னேன். அவள் தலையாட்டினாள். தோளை அசைக்காமல், சத்தமில்லாமல் கேட்டாள்.

"மேடம், அன்னிக்கி எட்டாவதுல நான் சொல்லிக்குடுக்காம இருந்திருந்தா, இடது கண்ணும் தப்பிச்சிருக்குமா?"

கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்து விடை எடுப்பதும் கொடுப்பதும் அவளுக்குக் கைவந்த கலை.

"அதெல்லாம் யாராலயும் சொல்ல முடியாதும்மா," என்றேன், முகத்தை அசைக்காமல்.