கொய்யா மரம் வரைக்கும்

அக்காவின் கைக்குழந்தை காய்ச்சலில் இறந்த பிறகு, எங்கள் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் எல்லோரும் அவளுக்கு நல்லது என்று நினைத்து ஒன்று செய்தார்கள். பிள்ளைக்காரிகள் குழந்தைகளை அவள் கண்ணில் படாமல் கொல்லைப்பக்கமாகத் தூக்கிப் போனார்கள். கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் குறுக்குவழி, வேலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவை ஒட்டிப் போனது. அதனால் கங்காணியே அவளைச் சுற்றுப்பாதையில் அனுப்பினார். காம்பராவில் தொட்டில் கயிறு உரசும் சத்தம் கேட்டாலே அவளுக்கு மூச்சு அடைத்தது.

பிறகு சுற்றுப்பாதையும் முடியாமல் போயிற்று. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்குத் தப்படித்து ஆள் கூப்பிட்டாலும் எழமாட்டாள். சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். மச்சான் பலாங்கொடையிலிருந்து பேயோட்டும் கோடாங்கியை அழைத்து வந்தார். உடுக்கை ஓய்ந்ததும் அவள் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கடைசியில் தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிஸ்பென்சரைக் கூப்பிட்டேன். சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். நாடி பார்த்தார், மருந்து தரவில்லை. பெட்டியொன்றைக் கவிழ்த்து உட்கார்ந்து, குழந்தை எப்படிச் சிரிக்கும் என்று கேட்டார். நாங்கள் யாரும் அவளிடம் கேட்காத கேள்வி. அக்கா அழுதாள், சொன்னாள், மறுபடி அழுதாள். அவர் அடிக்கடி வந்தார்.

ஒருநாள் அக்காவிடம் கேட்டார்: "பிள்ளைக் காம்பரா பக்கம் போனா என்ன ஆகும், தங்கச்சி?"

"நெஞ்சு வெடிச்சுச் செத்துருவேங்க."

"அந்தக் கொய்யா மரம் வரைக்கும் போய்ப் பாப்போமே. செத்தா தொரை என்னையத்தான் ஏசுவாரு."

"உங்களுக்கு எப்பவும் வெளையாட்டுதாங்க," என்று எழுந்தாள்.

மரத்தடியில் என் கையை நெரித்தாள். ஓடப் பார்த்தாள்.

"கொஞ்சம் நில்லுங்க," என்றார் டிஸ்பென்சர். " பயம் தானா எறங்குதான்னு பாப்போம்."

இறங்கியது. அடுத்த நாள் காம்பரா வேலிவரை போனோம், அங்கே இறங்கவில்லை. திரும்பி வந்து சுவரோடு படுத்தாள். நான் நம்பிக்கை இழந்தேன். அவர் மறுபடி கொய்யா மரத்திலிருந்து ஆரம்பித்தார். பிள்ளைகளை ஒளிக்க வேண்டாம் என்று லயத்திலும் சொல்லிவைத்தார்.

மழை விட்ட ஒரு காலையில் அக்கா காம்பரா வாசற்படிவரை போய்விட்டாள். உள்ளே ஒரு குழந்தை வீறிட்டது. அவள் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள். ஆயா தொட்டிலை வேகமாக ஆட்ட, அழுகை கூடிற்று.

அக்கா கண்ணைத் துடைத்தாள்.

"துணி சுருண்டு முதுகுல குத்துது, ஆயா. ஆட்டுனா அடங்குமா? தள்ளுங்க."

தொட்டிலுக்குள் கையை விட்டு, குழந்தையின் முதுகுக்கடியில் துணியை நீவிவிட்டாள்.