மாமா என்று ஒரு பதில்

ஏரி நிரம்பாத வருஷங்களில்தான் அந்தத் தரகர்கள் எங்கள் பக்கம் வருவார்கள். பட்டணத்தில் வீட்டு வேலை என்று கூலிக்காரர் வீட்டுப் பெண்களைக் கூட்டிப்போவார்கள். பம்பாயில் விற்றுவிட்டார்கள் என்று பிறகு தகவல் மட்டும் வரும். போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்து நடந்து அலுத்துப்போய், நாங்களே காவல் நிற்பதென்று முடிவெடுத்தோம். மானாம்பதி, சாலவாக்கம் கூலிப் பெண்களும், மாதா கோயில் உபதேசியாரும், ஜவுளிக்கடை பாயும் ஒன்றாக உட்கார்ந்து பேசியதே பெரிய காரியம். உத்திரமேரூரில் பஸ் நிற்கும் இடத்தில் எனக்கு வெற்றிலைக் கடை. அதனால் அங்கே காவல் என் பொறுப்பு. எனக்கு வாய் அதிகம் என்பதும் ஒரு காரணம்.

பெண்ணை மறித்து, கூட வருவது யார் என்று கேட்க வேண்டும். பதில் சரியில்லை என்றால் பாய் கடைக்குக் குரல் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

அன்று காலை வந்த பெண்ணை நான் பார்த்ததில்லை. புது அரக்குச் சேலை, பக்கத்தில் ஒருவன். "யாரும்மா இது?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு, "மாமா" என்றாள். அம்மாவின் தம்பியைக் கட்டிக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். மேலே என்ன கேட்பது? எனக்குக் கேலிதான் வந்தது.

"மாமன் கைய கெட்டியா புடிச்சிக்கோடி, பட்டணத்துல தொலஞ்சிடப் போறே."

அவள் சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான். பஸ் போயிற்று.

மறுநாள், எங்கள் காவல் கூட்டத்திலேயே இருந்த மானாம்பதிக்காரி ஓடிவந்தாள். "அரக்கு சேல கட்டிக்கினு எம் பொண்ணு வந்துச்சா, அக்கா?"

"மாமாகூடப் போறேன்னு சொல்லிச்சே."

"எனக்கு ஏதுக்கா கூடப்பொறந்தவன்? எங்க அம்மாவுக்கு நான் ஒருத்திதானே."

உபதேசியாரும் பாயும் பட்டணம் போய்த் தேடினார்கள். கிடைக்கவில்லை. அதன் பிறகு கேள்வியை மாற்றினோம். பெண்ணை விட்டுவிட்டு, கூட வரும் ஆளையே கேட்டோம்: "இவ அம்மா பேரு இன்னா?" விழித்தவர்களைப் பிடித்தோம். பல பெண்கள் வீடு திரும்பினார்கள். ஊர் என்னைப் புகழ்ந்தபோதெல்லாம் அந்த அரக்குச் சேலைதான் நினைவுக்கு வந்தது. இந்தப் பாழாய்ப்போன வாய் அன்று இந்த ஒன்றைக் கேட்டிருக்கக் கூடாதா?

அந்தத் தாயும் என்னோடு காவல் நிற்பாள். என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை. ஒருநாள் பஸ் போனதும் கேட்டாள்.

"எம் பொண்ணு அழுதுகினு போச்சாக்கா?"

"இல்ல. சிரிச்சிக்கினுதான் போச்சி."

அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. எதற்குச் சிரித்தாள் என்று அவள் கேட்கவில்லை. சிரிக்க வைத்தது யார் என்று நான் சொல்லவில்லை.