எட்டு ஜிபியா, பன்னிரண்டு ஜிபியா

என் மகள் கல்லடியில் வீட்டிலிருந்தபடியே கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுப்பவள். கணினியின் கிராபிக்ஸ் கார்டு எரிந்துபோன அன்று அவளுக்குக் கடும் காய்ச்சல். மறுநாள் வீடியோ கொடுத்தாக வேண்டும். அதனால் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நான் பாலம் கடந்து டவுன் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் இரண்டு பெட்டிகளை மேசையில் வைத்தார்.

"இது புதுசு அம்மா. வேகம் கூட, கரண்ட் குறைவு. ஆனா மெமறி எட்டு ஜிபிதான். மற்றது பழைய மாடல், பன்னிரண்டு ஜிபி, கரண்ட் கூட இழுக்கும். பெட்டிய உடைச்சா திருப்பி எடுக்கமாட்டம்."

மகளுக்குப் போன் எடுத்தேன். தூங்கிவிட்டாள் போலும், எடுக்கவில்லை. எங்கள் வீட்டில் தண்ணீர் மோட்டார் போட்டாலே பல்பு மங்கும். கரண்ட் கூட இழுப்பதைக் கொண்டுபோய்க் கணினியே எரிந்துபோனால் அவள் தொழில் என்னாவது?

பின்னால் ஆட்கள் நின்றார்கள். கூச்சத்தை விட்டுக் கேட்டேன்.

"தம்பி, நீளமான வீடியோ பாதியில நிக்காம ஓடுறது எது?"

"அதுக்கு மெமறி கூடினதுதான் அம்மா."

பன்னிரண்டை வாங்கி வந்தேன். மகள் எழும்பி அதைக் கணினிக்குள் பூட்டும்போது, யாரும் மோட்டாரைப் போட்டுவிடாதபடி சுவிட்சைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றேன்.

"என்னம்மா, அங்க காவலா? இது அயன் பெட்டியளவுகூட இழுக்காது," என்றாள்.

வீடியோ ஓடத் தொடங்கியது. முழுதும் ஓடி முடியும்வரை நான் அந்த இடத்தை விட்டு அசையவில்லை.