கேத்திலுக்குள் இருந்த கல்

புளியங்குளத்தில் சைக்கிள் ரியூப்பில் காற்றுப் போய், எங்கள் வாசல் படலையடியில் நின்றார் ஒரு விஞ்ஞான ரீச்சர். மெலிந்த உருவம். எதைக் கண்டாலும் நகத்தால் சுரண்டிப் பார்ப்பார். படலைத் துருவைச் சுரண்டினார், சுவரைச் சுரண்டினார். தண்ணீர் கேட்டு வந்தவர், குசினி வாசலில் இருந்த, தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்திலுக்குள் படிந்த வெள்ளையையும் சுரண்டி, அதில் தேசிக்காய்ப் புளி பிழியச் சொன்னார். வெள்ளை நுரைத்துப் பொங்கியது.

"இது சுண்ணாம்புக்கல் அண்ணை. நிலத்துக்குக் கீழ கரைஞ்சு உங்கட கிணத்துக்கு வருது."

"கல்லைக் குடிச்சுத்தான் இவர் வாய் திறக்கிறேல்லைப் போல," என்று என்னைக் காட்டி மனைவி சிரித்தாள். அவளுக்குச் சிறுநீரகம் பழுது. கால்கள் வீங்கியிருந்தன.

"கொதிக்க வைச்சுத்தான் குடிக்கிறம்," என்றேன்.

"கொதிக்க வைச்சாக் கிருமி சாகும். கரைஞ்சதெல்லாம் போகாது."

மனைவி உள்ளே போகும்வரை தவித்துக்கொண்டு நின்றேன். பிறகு மெதுவாகக் கேட்டேன்.

"இவவுக்கு வருத்தம் வந்தது இந்தத் தண்ணியாலயோ, ரீச்சர்?"

"தெரியேல்லை அண்ணை. சோதிச்சுப் பார்க்காமல் சொல்லேலாது. தண்ணியைக் கொண்டுபோய்க் குடுத்துச் சோதிப்பியுங்கோ."

சொல்லிவிட்டு, நான் கொடுத்த எங்கள் கிணற்றுத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.

தாகத்தில் குடித்தாரா, என் பயத்தைக் கண்டு அதைப் போக்கக் குடித்தாரா? அது தெரிந்தால் நானும் நிம்மதியாக ஒரு வாளி அள்ளுவேன்.