நெட்டையன் பக்கம் பேசியவர்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை முருகையன் அண்ணனின் எண்ணிலிருந்து நம் கால்பந்து ரசிகர் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு குரல் செய்தி வந்தது. நான் விடுதியின் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். முந்தைய நாள் ஆட்டத்தில் நம் அணி தோற்றிருந்தது. ஆளில்லாத கோல் வாசலில் நம் முன்கள ஆட்டக்காரன் நெட்டையன் பந்தை வெளியே அடித்திருந்தான். இதற்கு அண்ணன் என்ன சமாதானம் சொல்லப்போகிறார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே, ஈரக் கையைத் துடைத்துவிட்டு அந்தச் செய்தியைத் திறந்தேன்.

வந்தது ஒரு பெண்ணின் குரல். "நான் அவங்க பொண்ணு பேசுறேன். அப்பா இன்னிக்கு விடியக்காலைல தவறிட்டாங்க. நெஞ்சு வலிக்குதுன்னாங்க, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு. இந்த குரூப்புலதான் அப்பா எப்பவும் பேசிக்கிட்டு இருப்பாங்க. அதான் சொல்லிடலாம்னு."

அவ்வளவுதான். அவருடைய செய்திகளில் எப்போதும் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் பம்ப்செட் சத்தம் இதில் இல்லை.

அறைக்கு வந்து உட்கார்ந்தேன். உடன் தங்கியிருக்கும் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டாள். தலைவலி என்றேன். தெரிந்தவர் இறந்துவிட்டார் என்று சொன்னால், யார் என்று கேட்பாள். உறவில்லை, ஊர்க்காரர் இல்லை, ஒரு நாளும் நேரில் பார்த்ததில்லை. கடல் கடந்து எங்கேயோ இருக்கும் ஒரு கால்பந்து கிளப் ஓர் ஆட்டக்காரனுக்கு அதிக விலை கொடுத்துவிட்டதா இல்லையா என்று இரண்டு வருடத்துக்கும் மேலாக என்னுடன் சண்டை போட்டவர் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

குழுவில் இருக்கும் உங்களுக்கு அவரைத் தெரியும். ஆனால் குழுவில் இல்லாதவர்கள் இதைப் படிக்கக்கூடும் என்பதால் கொஞ்சம் சொல்கிறேன். முருகையன் அண்ணன் ஒரத்தநாட்டுப் பக்கம் குத்தகைக்கு நிலம் எடுத்து நெல் போட்டவர். அதற்கு முன் வளைகுடாவில் சில வருடங்கள் வேலை பார்த்தார். அங்கே தங்கியிருந்த அறையில் மலையாளத்துக்காரர்கள் பார்க்கிறார்களே என்று தானும் பார்க்கத் தொடங்கி, நம் கிளப்பைப் பிடித்துக்கொண்டு ஊர் திரும்பியவர். ஊரில் எல்லோரும் கிரிக்கெட். தனியாகத்தான் பார்த்தார். தஞ்சாவூர்ப் பக்கத்து ரசிகர்களுக்கென்று இந்தக் குழு இருப்பது தெரிந்ததும், தான் சேர்ந்த அன்றே முதல் குரல் செய்தியை அனுப்பினார்.

அவருக்குத் தட்டச்சு வராது. எல்லாமே குரல்தான், அதுவும் வயலிலிருந்துதான். ஒருமுறை நம் தற்காப்பு ஆட்டத்தைப் பற்றி அவர் விளக்கிக்கொண்டிருக்கும்போதே, யாரோ தூரத்திலிருந்து, "அண்ணே, மாடு உங்க நாத்தங்கால்ல இறங்கிட்டு" என்று கத்தினார்கள். பதிவை நிறுத்தாமலே அண்ணன் ஓடினார். தண்ணீரில் கால் விழும் சத்தம், மூச்சிரைப்பு, மாட்டுக்கும் மாட்டுக்காரருக்கும் சேர்த்துக் கிடைத்த வசவு எல்லாவற்றையும் நாம் வரிசையாகக் கேட்டோம். கடைசியில் மூச்சு வாங்கியபடி, "எங்க விட்டேன்? ஆங், லெஃப்ட் பேக்" என்று தொடர்ந்தார். அதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். இப்போது கேட்க முடியவில்லை.

நம் சண்டை ஆரம்பித்தது அந்த மாற்றல் நடந்த அன்று. சிறுவயதிலிருந்து கிளப்பிலேயே வளர்ந்த நடுக்கள ஆட்டக்காரனைக் கொடுத்து, அதற்கு மேல் பெரிய தொகையும் கொடுத்து, எதிரணி ஒன்றிலிருந்து உயரமான ஒரு முன்கள ஆட்டக்காரனை வாங்கினார்கள். போனவனுக்கு நாம் வைத்த பெயர் சின்னவன், வந்தவனுக்கு நெட்டையன். குழுவே கொதித்தது. வீட்டுப் பிள்ளையை அனுப்பிவிட்டு விருந்தாளியை வாங்கியிருக்கிறார்கள் என்று ஒருவர் எழுதினார். பணம் அதிகம் என்றார்கள் சிலர். பணம்கூடப் பரவாயில்லை, சின்னவனைக் கொடுத்ததுதான் அதிகம் என்றேன் நான். நெட்டையன் பக்கம் பேச ஒரே ஓர் ஆள்தான் இருந்தார்.

"வாங்குன அன்னிக்கே அதிக வெலன்னு சொல்றதுக்கு நாம என்ன யாவாரியா? ஆட்டம் பாக்குறவங்கப்பா. பாத்துட்டுப் பேசுவோம்" என்றார்.

பார்த்தோம். முதல் பருவத்தில் நெட்டையன் அடித்ததைவிட விட்டதுதான் அதிகம். சின்னவனோ போன இடத்தில் கொடிகட்டிப் பறந்தான். ஒவ்வொரு வாரமும் நான் அதை எழுதுவேன். ஒவ்வொரு வாரமும் அண்ணன் பதில் சொல்வார். அவர் பதில் சொல்லும் முறை வேறு யாரிடமும் நான் பார்க்காதது. முதலில் எதிராளி சொன்னதைத் தன் வாயால் முழுக்கச் சொல்லுவார். "மதி தம்பி சொல்றது என்னன்னா" என்று ஆரம்பித்து, நான் சரியாகச் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து, என் பக்கத்தை என்னைவிட நன்றாக எடுத்துவைப்பார். கேட்டால் எனக்கே ஆச்சரியமாக இருக்கும், நான் இவ்வளவு நன்றாகவா யோசித்தேன் என்று. பிறகு சின்ன இடைவெளி. பம்ப்செட் ஓடும். "ஆனா அது தப்பு. எப்படின்னா..." என்று தொடங்குவார்.

அவருடைய வாதம் எப்போதும் ஒன்றுதான். நெட்டையன் நிற்கிற இடத்துக்கு இரண்டு எதிராளிகள் போகிறார்கள். அதனால் மற்றவர்களுக்கு இடம் கிடைக்கிறது. கோல் அவர்கள் பெயரில் விழுகிறது. "மடையத் தொறந்து விட்டவன் பேரு நெல்லுல எழுதியா இருக்கு?" என்பார்.

தம்பி என்று அவர் என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் நான்தான். குழுவில் சேரும்போது மதி என்று மட்டும் போட்டிருந்தேன். படமும் வைக்கவில்லை. எல்லோரும் மதிவாணன் என்றோ மதியழகன் என்றோ நினைத்துக்கொண்டீர்கள். நான் திருத்தவில்லை. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அம்மாவும் அப்பாவும் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்கள். கல்லூரி விடுதியில் சனிக்கிழமை எல்லாப் பெண்களும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். போய்வரச் செலவாகும் என்று நான் தங்கிவிடுவேன். காலியான கூடத்தில் ஒரு தொலைக்காட்சி இருந்தது. அதில் பார்த்துத்தான் எனக்குக் கால்பந்து தெரியும். வகுப்பில் வாய் திறக்காதவள் நான். இப்போது கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடையின் கணக்குப் பிரிவில் வேலை. அங்கேயும் கேட்டதற்கு மட்டும்தான் பதில். நாளெல்லாம் நான் முழு வாக்கியமாகப் பேசியது குழுவில்தான், அதுவும் விரலால்.

ஒரு மாலை வேலை முடிந்து டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தேன். ஒரு கை கம்பியில். சின்னவன் காசுக்கு ஆசைப்பட்டுத்தான் போனான் என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு கையால் தட்டச்சு செய்ய முடியவில்லை. யோசிக்காமல் குரல் பொத்தானை அழுத்தி, அவன் போகவில்லை, அவனைக் கொடுத்தார்கள், இரண்டும் ஒன்றல்ல என்று படபடவென்று பேசி அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகுதான், முதல்முறையாக என் குரலை அனுப்பியிருக்கிறேன் என்று உறைத்தது.

அதன் பிறகு குழுவில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எல்லோரும் பார்த்ததற்கு அடையாளம் விழுந்துகொண்டே இருந்தது, யாரும் பேசவில்லை. ஒருவர் "சிஸ்டரா?" என்று கேட்டார். ஒருவர் எந்த ஊர் என்று தனியாகக் கேட்டார். குழுவில் ஒரு பெண் இருப்பதால் இனி எல்லோரும் பார்த்துப் பேசவேண்டும் என்று நிர்வாகி எழுதினார். நல்ல எண்ணத்தில்தான் எழுதினார். ஆனால் அதோடு என் இடம் போய்விட்டது என்று எனக்குத் தெரிந்தது. இனி என்னிடம் மரியாதையாக இருப்பார்கள். சண்டை போட மாட்டார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி, குழுவிலிருந்து வெளியேறும் பொத்தானைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அப்போது அண்ணனின் குரல் வந்தது. பம்ப்செட் ஓடிக்கொண்டிருந்தது.

"மதி சொல்றது என்னன்னா, சின்னவன் தானாப் போகல, குடுத்துட்டாங்க. குடுத்தவனப் பாத்துக் கேக்காம போனவனப் பாத்துக் கேக்குறது ஞாயம் இல்ல. சரியா?" இடைவெளி. "ஆனா அது தப்பு. எப்படின்னா, கையெழுத்து அவனும்தானம்மா போட்டான்?" பிறகு குரலைக் கொஞ்சம் உயர்த்தி, "ஏம்ப்பா, மத்தவங்கல்லாம் எங்க போயிட்டீங்க? இவ்வளவு நேரம் அந்தக் கத்து கத்துனீங்க. வாயத் தொறங்க" என்றார்.

உடனே யாரோ அவரை மறுத்தார்கள். நான் அவரை மறுத்தேன். பழையபடி ஆனது. தம்பி போய் 'ம்மா' வந்ததைத் தவிர, கடைசி வரை எதையும் அவர் மாற்றவில்லை. நான் யார், என்ன படித்தேன், கல்யாணம் ஆகிவிட்டதா என்று ஒருநாளும் கேட்டதில்லை. சின்னவன் பக்கத்து ஆள். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

கருமாதிக்குப் போனேன். குழுவில் யாரும் போகிறோம் என்று சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. தஞ்சாவூரில் பஸ் மாறி, ஒரத்தநாட்டில் இன்னொரு பஸ் மாறி இறங்கியபோது வெயில் ஏறியிருந்தது. சாலையோரம் கட்டியிருந்த ஃப்ளெக்ஸில்தான் அவர் முகத்தை முதலில் பார்த்தேன். குரலை வைத்து நான் நினைத்திருந்ததைவிட ஒல்லியான ஆள். வெட்கப்படுவதுபோல் ஒரு சிரிப்பு. இவரா அப்படிக் கத்தினார் என்று தோன்றியது.

பந்தலில் எனக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. ஒரு பெரியவர், "யாரு வீட்டுப் புள்ளம்மா நீ?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அண்ணனின் மகள் வந்துவிட்டாள். கல்லூரியில் படிக்கிற பெண். குழுவில் கேட்ட அதே குரல். மதி என்றேன்.

"சின்னவன் மதியா?" என்றாள். உள்ளே திரும்பி, "அம்மா, சின்னவன் மதி வந்திருக்காங்க" என்று கூப்பிட்டாள்.

அண்ணி என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். பிறகு, "சாப்பாட்டுல கைய வச்சுக்கிட்டு யோசிச்சிக்கிட்டே இருப்பாங்க. என்னங்கன்னா, மதிக்குப் பதில் சொல்லணும்பாங்க" என்றார்.

நான் தலையை ஆட்டினேன்.

"எனக்கு அந்த வெளையாட்டு ஒண்ணும் வெளங்காது. நான்தான் ஒருநாள் கேட்டேன், அந்தப் புள்ள சொல்றதும் சரியாத்தானே இருக்குன்னு. அவங்களும் சரிதான்னாங்க. கூடத்தான் குடுத்துட்டானுவோ, எனக்குத் தெரியாதான்னாங்க. அப்புறம் என்னத்துக்குப் போட்டு மல்லுக்கட்டுறீங்கன்னேன்." அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒத்துக்கிட்டா பேச்சு நின்னுபோயிடும்டி, அப்புறம் நான் யாருட்ட பேசுறதுன்னாங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வழிநெடுக நடவு முடிந்த வயல்கள். எல்லா வயலிலும் யாராவது ஒருவர் தனியாக நின்றிருந்தார். இப்படி வயல்களைத் தாண்டி எத்தனையோ முறை போயிருக்கிறேன்; அந்த ஆட்கள் நாளெல்லாம் யாரோடு பேசுவார்கள் என்று யோசித்ததில்லை. பேச ஆள் இல்லாதவள் நான் ஒருத்திதான் என்று இருந்துவிட்டேன். அந்தப் பம்ப்செட் பக்கத்திலும் அப்படி ஒருவர் இருந்திருக்கிறார்.

போன வாரம் நம் கிளப் நெட்டையனை விற்றுவிட்டது. வாங்கிய விலையில் பாதிகூட வரவில்லை. அன்று மாலை குழுவில் நிர்வாகி, இத்துடன் இந்த வழக்கு முடிந்தது என்று எழுதினார். பலரும் கைதட்டும் படம் போட்டீர்கள். "மதி ஜெயிச்சிட்டீங்க" என்று ஒருவர் எழுதினார். அதற்குப் பிறகு யாரும் எதுவும் எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது? ஒரு பக்கம்தான் மிச்சம் இருக்கிறது.

நான் கும்பகோணம் பேருந்து நிலையத்தில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். சுற்றிலும் கூட்டம். பூக்கட்டும் அம்மா ஒருவர் காலடியில் உட்கார்ந்திருந்தார். சாதாரணமாக அப்படி ஓர் இடத்தில் தொலைபேசி வந்தால்கூட நான் எடுக்க மாட்டேன். அன்று குரல் பொத்தானை அழுத்தி வாயருகே வைத்தேன்.

"முருகையன் அண்ணன் சொல்றது என்னன்னா," என்று ஆரம்பித்தேன். பூக்கட்டும் அம்மா நிமிர்ந்து பார்த்தார். நான் நிறுத்தவில்லை. நெட்டையன் இருந்த இடத்துக்கு இரண்டு பேர் போனதைச் சொன்னேன். அதனால் யார் யாருக்கு இடம் கிடைத்தது என்று சொன்னேன். அவர் சொல்லாமல் விட்ட இரண்டு ஆட்டங்களையும் எடுத்துச் சேர்த்தேன். விற்ற விலையை வைத்து வாங்கிய விலையைப் பேசக் கூடாது, நடுவில் அவன் ஆடியதெல்லாம் எந்தக் கணக்கில் வரும் என்று கேட்டேன். மடையத் தொறந்து விட்டவன் பேரு நெல்லுல எழுதியா இருக்கு என்றும் கேட்டேன். அவர் பக்கத்தை இதுவரை யாரும் இவ்வளவு நன்றாகச் சொன்னதில்லை என்றே நினைக்கிறேன்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இது ஒன்றுதான். எதிராளி சொன்னதை முதலில் முழுதாகச் சொல்லுவது. அதற்கு எதிராளி இருந்தாக வேண்டும்.

சொல்லி முடித்தபின் வழக்கமாக அந்தச் சின்ன இடைவெளி வரும். அதற்கடுத்து, ஆனா அது தப்பு என்று வரவேண்டும். நான் இடைவெளி வரைக்கும் வந்து விரலை எடுத்துவிட்டேன்; செய்தி குழுவுக்குப் போய்விட்டது. அடுத்ததை உங்களில் யாராவது சொல்ல வேண்டும். காத்திருக்கிறேன்.