ஜெரேனியம் இலையில் தெரிந்த மீசை

கொதிக்கிற ஸ்பிரிட்ல இலை வேகுற வாசனை தெரியுமா உங்களுக்கு? கொஞ்சம் ஆஸ்பத்திரி, கொஞ்சம் கீரை... ரெண்டும் கலந்த மாதிரி இருக்கும். எங்க காலேஜ் பாட்டனி லேப்ல மத்தியானம் பூரா அந்த வாசனைதான்.

லேப்ல என் பார்ட்னர் ஸ்டெல்லா. எனக்கு வீடு பெங்களூர்லயே, ஒக்கலிபுரம், நடந்தே வந்துடுவேன். அவ கேஜிஎஃப்ல இருந்து தினமும் ட்ரெயின். விடியறதுக்கு முன்னாடியே கிளம்பி, ஈரத்தலை காயாம வந்து நிப்பா.

அவ அப்பா அங்க கோலார் தங்கச் சுரங்கத்துல வேலை பார்த்தவர். சுரங்கத்தை மூடினப்புறம் வீட்டோட இருந்தார்... இருமலோட.

போட்டோசிந்தசிஸ் எனக்கு மனப்பாடம். ஸ்டெல்லாவுக்கு அது புரிஞ்சிருந்துச்சு. அதான் வித்தியாசம்.

"இலை சும்மா பச்சையா தொங்கிட்டு இருக்குன்னு நினைக்காதடி. அந்தப் பச்சைதான் வெயிலைப் பிடிக்குது. பிடிச்சு, வேர் அனுப்புற தண்ணியை உடைக்குது. அதுல வெளிய தள்ளுற ஆக்சிஜனைத்தான் நாம மூச்சா இழுக்கறோம். உள்ள தங்குற சக்தியை வெச்சு, காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடை சர்க்கரையா மாத்திக்குது. மீந்தா ஸ்டார்ச்."

சாம்பார் எப்படி வைக்கறதுன்னு சொல்ற மாதிரி சொல்வா. பக்கத்து டேபிள் பொண்ணுங்களும் வந்து நின்னு கேப்பாங்க.

செகண்ட் இயர்ல அந்த கருப்புப் பேப்பர் எக்ஸ்பெரிமென்ட் வந்துச்சு. இலையோட ஒரு பாதியை மறைச்சு வெயில்ல வெக்கணும். அப்புறம் ஸ்பிரிட்ல போட்டுப் பச்சையை எடுத்துட்டு அயோடின் விட்டா, வெயில் பட்ட இடம் மட்டும் நீலக் கருப்பா மாறும். அங்கதான் ஸ்டார்ச் இருக்கு.

ஸ்டெல்லா எழுந்து கேட்டா. "மேடம், பேப்பருக்குப் பதிலா போட்டோ நெகட்டிவ் ஒட்டினா?"

மேடம் சிரிச்சாங்க. "ஒட்டித்தான் பாரேன்."

மறுநாளே அவ அப்பாவோட நெகட்டிவ் ஒண்ணு கொண்டுவந்தா. ஜெரேனியம் தொட்டியை லேப் பீரோக்குள்ள வெச்சுப் பூட்டினோம், இலையில ஏற்கனவே இருக்கற ஸ்டார்ச் தீர்ந்து போகணும்னு. அப்புறம் நெகட்டிவை இலையில ஒட்டி மொட்டை மாடிக்குக் கொண்டுபோனோம். நம்ம பெங்களூர் வெயிலைப் பத்தித்தான் தெரியுமே... வரும், போகும். அட்டெண்டர் அண்ணா வேற, "மோட இதே, ஆகல்லம்மா"ன்னு கன்னடத்துல, மேகமா இருக்கு, நடக்காதுன்னு வானத்தைக் காட்டிட்டுப் போனார். மேகமாவது ஒண்ணாவதுன்னு நாங்க தொட்டியைத் தூக்கிக்கிட்டு வெயில் போற பக்கமெல்லாம் நகர்ந்தோம்.

சாயந்திரம் அயோடின் விட்டோம்.

முதல்ல வந்தது மீசை. அப்புறம் புருவம், முடி... கொஞ்ச நேரத்துல ஒரு முகமே வந்துடுச்சு. வெளுத்த இலையில, நீலத்துல. ஸ்டெல்லா தட்டோட ஓரத்தை மட்டும் பிடிச்சிட்டு நின்னா.

"அப்பாவுக்குக் காட்டணும்டி."

அந்த வாரம்தான் மூச்சுத் திணறல்னு அவரை இங்க ஒரு ஆஸ்பத்திரியில சேர்த்திருந்தாங்க. மறுநாள் மத்தியானம் கண்ணாடித் தட்டை மடியில வெச்சுக்கிட்டு ரெண்டு பேரும் பஸ் ஏறினோம். நல்ல கூட்டம், நல்ல வெயில். இறங்கிப் பார்த்தா... நீலம் போயிடுச்சு. ஏதோ பழைய டீக்கறை மாதிரி ஒரு நிழல்தான் இருந்துச்சு.

அப்படியே கொண்டுபோய்க் காட்டினா. அவர் எழுந்து உட்கார்ந்து, தட்டை ஜன்னல் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நானா இது?"

"ஆமாப்பா. இது மீசை, இங்க கண்ணு. நேத்து நல்லாத் தெரிஞ்சுதுப்பா." வெளிச்சம் பட்ட இடத்துலதான் இலை சாப்பாடு செய்யும்னு அவருக்கும் விளக்கிச் சொன்னா.

அவர் பொறுமையா கேட்டுட்டு, "அதுக்கு வெயில் இருந்தா போதும். நாங்க இருட்டுல இறங்கினாத்தானே சோறு"ன்னார். சொல்லிட்டு என்னைப் பார்த்து, "நல்லா இருக்கு கண்ணு. ரெண்டு பேரும் சாப்டீங்களா?"

நல்லா இருக்குன்னு எங்களுக்காகச் சொன்னார். அது எங்களுக்கும் தெரிஞ்சுது.

திங்கக்கிழமை மேடம்கிட்ட சொன்னப்போ, "அயோடின் பறந்துடும்மா. அங்கேயே இன்னொரு சொட்டு விட்டிருந்தா முகம் திரும்ப வந்திருக்குமே"ன்னாங்க.

ஒரு சொட்டு. கைப்பையில ஒரு சின்ன பாட்டில் எடுத்துட்டுப் போயிருந்தா போதும். எங்களுக்கு அது தோணவே இல்ல.

மறுபடி பண்ணலாம்னு பேசிக்கிட்டோம். பரீட்சை வந்துச்சு, மழை வந்துச்சு, விடாத மேகம். அந்த மழைக்காலம் முடியறதுக்குள்ள அவர் போயிட்டார். சவப்பெட்டி பக்கத்துல ஸ்டெல்லா என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. "சரியாப் பார்க்கலடி அவரு."

டிகிரி முடிச்சா. எம்.எஸ்சி. சீட் ரெண்டு பேருக்கும் கிடைச்சுது. நான் சேர்ந்தேன். அவளுக்குப் படிக்கிற தம்பி இருந்தான். எலெக்ட்ரானிக் சிட்டியில ஒரு கால் சென்டர்ல சேர்ந்தா, நைட் ஷிஃப்ட். ஒரு வருஷம் பார்த்துட்டு படிக்க வந்துடறேன்னா.

இப்போ அவ அங்க பெரிய மேனேஜர். தம்பி இன்ஜினியர். ஆபீஸ் பக்கத்துலயே, சந்தாபுரால சொந்த ஃபிளாட். பெட்ரூம் ஜன்னலுக்குக் கனமான கருப்பு கர்ட்டன். பகல்ல தூங்கணுமே...

நான் ஒரு பி.யு. காலேஜ்ல, ப்ளஸ் டூ பசங்களுக்கு பயாலஜி எடுக்கறேன். அன்னிக்கு கேஜிஎஃப் ட்ரெயின்ல வந்தவளை தினமும் பார்த்தேன். இன்னிக்கு ஒரே ஊர்ல இருக்கோம், வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்தா பெரிசு.

போன ஞாயித்துக்கிழமை போன்ல பேசினப்போ வாய் தவறிக் கேட்டுட்டேன். "நீயும் எம்.எஸ்சி. வந்திருக்கலாம்ல?"

"வந்திருக்கலாம்"னா. அப்புறம், "போட்டோசிந்தசிஸ் எப்போ நடத்துவ?"

"அடுத்த வாரம்."

"கடைசி பெஞ்ச்ல வந்து உட்காரட்டுமா? சும்மா கேக்கறேன். தொந்தரவு பண்ண மாட்டேன்."

"வாடி. கேக்கணுமா?"

"எத்தனை மணிக்கு கிளாஸ்?"

"பத்து."

"ஓ... பத்தா"ன்னா.

பத்து மணி அவளுக்கு நடுராத்திரி. அது எனக்கும் தெரியும்.

பாடத்தை நேத்து நடத்தி முடிச்சேன். கடைசி பெஞ்ச் காலியாத்தான் இருந்துச்சு.