பிரட்டு நிரலை எடுத்துவிடலாமா?

பள்ளிக்கூடக் கணினிகளுக்கான ஓர் இயங்குதளத்தைக் கண்டியில் நாங்கள் மூன்று பேர் பராமரித்து வருகிறோம். அதற்குள் நான் எழுதிய சின்ன நிரல் ஒன்று உண்டு. தேயிலைத் தோட்டத்தில் காலையில் வேலையாட்களைப் பிரட்டுக்களத்தில் நிறுத்திப் பேர் கூப்பிடுவார்களே, அதே வேலைதான். எங்கள் அலுவலகக் கணினி தினமும் காலையில் ஒவ்வொரு பள்ளிக்கும் பொறுப்பான ஆசிரியரின் பெயரைக் கூப்பிடும். அவர் ‘இருக்கேன்’ என்று தட்டினால் எங்கள் திரையில் தெரியும். எல்லாரும் கைபேசிக்கு மாறியபின் அந்தத் திரையை நாங்கள் பார்ப்பதுகூட இல்லை. ஆனால் ஒவ்வொரு புதுப் பதிப்பிலும் அது முரண்டு பிடிக்கும். தலைவலி எனக்கு.

“தூக்கி வீசுவோம் அந்தச் சனியனை,” என்றேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில்.

எங்கள் மூவரில் அக்குறணையிலிருந்து வரும் நண்பர் விடவில்லை. “பொறுங்க தங்கச்சி. யாராவது பாவிச்சுக்கிட்டு இருந்தா? நாளைக்கு ஒருக்கா திரையைப் பார்ப்போம். ஒருத்தரும் பேசாட்டி நானே அழிக்கிறேன்.”

மறுநாள் பார்த்தோம். பெயர்கள் ஒவ்வொன்றாகப் போயின, பதிலே இல்லை. பார்த்தீர்களா என்று நான் கதிரையைப் பின்னால் தள்ளியபோது ஒன்று வந்தது. பன்வில டீச்சர். ‘இருக்கேன்’.

“யா அல்லாஹ்!” என்றார் நண்பர். போன மழையில் மலை சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியபோது அந்த டீச்சர் உள்ளே இருந்தார். செத்த வீட்டுக்கு நாங்களும் போயிருந்தோம்.

டீச்சரின் கணவர்தான் விளையாடுகிறார் என்று கொதித்துப்போய், அடுத்த நாள் முதல் பஸ்ஸில் பன்வில போனேன்.

“வாங்க, வாங்க. இப்பதான் கம்ப்யூட்டரைப் போட்டேன்,” என்று உள்ளே கூப்பிட்டார். பழுது பார்க்க டீச்சர் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த பள்ளிக்கூடக் கணினி முன்னறையில் ஓடிக்கொண்டிருந்தது.

“செத்தவங்க பேர்ல பதில் தட்டலாமா அண்ணே?” என்று எரிந்து விழுந்தேன்.

“நான் எங்கங்க தட்டுறது? கீபோர்ட்டை அவ அன்னைக்குப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துட்டுப் போனா. அவளோடயே மண்ணுக்குள்ள போயிருச்சு.”

மேசையில் திரையும் பெட்டியும் மட்டும்தான் இருந்தன. பின்பக்கம் குனிந்தும் பார்த்தேன். அந்த நேரம் பிரட்டு வந்தது. டீச்சரின் பெயர் திரையில் நின்றது. பிறகு அதன் கீழே எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன, டீச்சர் ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டுகிற அதே நிதானத்தில். தானாகப் பதில் சொல்லும் வழி எதையும் நான் அந்த நிரலில் எழுதவேயில்லை. பயந்துவிட்டேன், மறைக்க என்ன இருக்கிறது.

அவர் பயப்படவில்லை. அந்த ஒரு வார்த்தை முடியும்வரை பக்கத்திலேயே நின்றார்.

“அண்ணே, இந்த நிரலை எடுத்துடலாம்னு இருக்கோம்,” என்றேன்.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“யாரும் கூப்பிடாட்டி, அவ யார்கிட்டங்க இருக்கேன்னு சொல்லுவா?”